எலி வளையானாலும்

எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் வாலைத் தூக்கிச் சரியாகப் பார்க்காததால் பிறந்தவை. "இரண்டும் பெண்தான்" என்று சொல்லி விற்றிருப்பார்கள். வாங்கிப்போனவர்களும் நம்பி ஒரே கூண்டில் விட்டிருப்பார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் மூலையில் கிழித்துக் குவித்த காகிதத்துக்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் நெளியும். எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள்தான். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினைப்பிடித்துவிடும். ஆண் எது என்று கண்டுபிடித்துப் பிரிப்பதற்குள் அடுத்த ஈத்து வயிற்றில் இருக்கும். பிறந்த குஞ்சுகளை ஐந்து வாரத்துக்குள் ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிக்காவிட்டால் அவையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அண்ணன் தங்கை என்ற யோசனையெல்லாம் எலிக்குக் கிடையாது. இரண்டு எலி ஐம்பதாவதற்கு அரை வருஷம் தாராளம். அதற்கப்புறம்தான், வேண்டாத எலிகளை ஏற்று வேறு வீடு தேடித்தரும் மீட்பகத்துக்குப் போன் போடுவார்கள், பல பேர் அழுதுகொண்டே.

அப்படி வருபவற்றில் சினையாக இருக்கும் தாய்களையும், குஞ்சோடு இருப்பவற்றையும் இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் பக்கத்துச் சிறிய மீட்பகம் ஒன்று என்னைப் போன்றவர்களிடம் கொடுத்து வைக்கும். குஞ்சுகள் வளர்ந்து, கைக்குப் பழகி, வேறு வீடு கிடைக்கும்வரை எங்கள் பின்னறையில் இருக்கும். தீனியும் வைத்தியச் செலவும் மீட்பகத்துடையது. கூண்டு கழுவுவது, எடை போடுவது, வாங்க வருகிறவர்களிடம் பேசுவது என்னுடையது. இவர் அந்த அறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். ஆனால் ராத்திரி கடைசியாகத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் படுப்பதும் அவர்தான்.

வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. ஒற்றை எலி தரமாட்டோம். குறைந்தது இரண்டு, இல்லாவிட்டால் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே எலி இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கூட்டமாக வாழும் சிறு பிராணிகளை, எலியையும் சேர்த்து, தனியாக வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் இல்லை, மீட்பகங்களின் பிடிவாதம் மட்டும்தான். அந்தப் பிடிவாதக்காரர்களில் நானும் ஒருத்தி. அந்த விதிமேல் எனக்கிருந்த உறுதி இப்போது பழைய மாதிரி இல்லை, முழுதாகப் போய்விடவும் இல்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமா என்றுதான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் என் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். திருவாரூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. குறுவைக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அப்பா தஞ்சாவூர்க் கிட்டி போடுகிறவர்களைக் கூப்பிடுவார். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, பொரியோ அரிசியோ வைத்து வரப்போரம் குத்திவிட்டுப் போவார்கள். காலையில் எலி கழுத்து இறுகிக் கிடக்கும். எண்ணிக் கூலி கொடுப்பது அப்பா. எண்ணும்போது பக்கத்தில் நிற்பது நான். அறுப்பு முடிந்ததும் வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெல்லைக் கூடையில் அள்ளிப்போகிறவர்களும் வருவார்கள். அதையெல்லாம் பாவம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. ஒரு கதிரைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும் எலியை, அந்தக் கதிருக்காகக் கடன் வாங்கியவன் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அம்மா போனில் "ஏண்டி, ஊர்ல எலிய அடிச்சே மாளல, நீ அங்க போயி எலிக்குப் பிரசவம் பாக்குறியா?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான்.

ஆனால் இங்கே கூண்டில் இருப்பது அந்த எலி இல்லை. இது சாக்கடையிலும் துறைமுகத்திலும் திரிந்த பழுப்பு எலியின் வம்சம். விக்டோரியா மகாராணி காலத்தில் ஜாக் பிளாக் என்று ஓர் எலிபிடிக்காரர் லண்டனில் இருந்தார். பிடித்தவற்றில் நிறம் மாறிக் கிடந்தவற்றைக் கொல்லாமல் வளர்த்து, சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்ச விற்றார். அப்புறம் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி, சுண்டெலி வளர்ப்போர் சங்கத்தைக் கேட்டுக் கேட்டு, 1901 அக்டோபரில் அவர்கள் நடத்திய கண்காட்சியில் எலிக்கும் இடம் வாங்கினார். அவருடைய கறுப்பு வெள்ளை எலியே அன்று முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அது நடந்தது ஏல்ஸ்பரியில். நான் வாரச் சாமான் வாங்கப் போகும் ஊர்.

ரவாவும் மிளகும்

போன வருஷம் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த கூட்டத்தில், சினையாக இருந்த இரண்டை என்னிடம் கொடுத்தார்கள். மணல் நிறத்தில் இருந்ததற்கு மகள் ரவா என்று பெயர் வைத்தாள். தலையும் தோளும் கறுப்பாக, முதுகு நெடுகக் கறுப்புக் கோடு ஓடியதற்கு மிளகு. இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்தன. வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது.

சினையாக வரும் எலிகளைப் பற்றி மீட்பகங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கருப்பையை எடுத்துவிட்டால் குஞ்சுகள் பிறக்காது. ஏற்கெனவே வீடில்லாமல் காத்திருக்கும் எலிகள் இருக்கும்போது இன்னும் இருபதை உலகத்துக்குக் கொண்டுவருவது சரியா என்பது ஒரு கட்சி. மெலிந்துபோன தாயை மயக்கமருந்து கொடுத்து அறுத்தால் அதுவே போய்விடும் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. முடிகிறபோது அறுத்துவிடுவதே நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். குஞ்சு அழகாக இருக்கிறது என்பது காரணமாகாது. ஆனால் இவை இரண்டும் வந்தபோது நாள் கடந்துவிட்டது, உடம்பும் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சரி, போடட்டும் என்று அவித்த முட்டை, ஊறவைத்த நாய்க்குட்டித் தீனி, எண்ணெய் வடித்த மத்தி மீன் என்று உள்ளே தள்ளத் தொடங்கினோம்.

ரவா முதலில் போட்டாள், ஒன்பது. பிறந்த எலிக்குஞ்சு ஐந்தாறு கிராம்தான் இருக்கும். முடி கிடையாது, கண்ணும் காதும் மூடியிருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். ஃபாஸ்டர் செய்கிறவர்களுக்கு, அதாவது என்னைப் போல மீட்பகத்துக்காக வளர்த்துக் கொடுப்பவர்களுக்கு, அந்தப் பட்டைதான் எல்லாம். பட்டை தெரிந்தால் குஞ்சு பிழைக்கும். தெரியாவிட்டால் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இல்லை உறிஞ்சத் தெம்பில்லை.

மிளகுக்கு அதற்கு இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வலி கண்டது. ஐந்து நல்லபடியாக வந்தன. ஆறாவது வரவில்லை. முக்கி முக்கி ஓய்ந்துபோய், ஐந்தையும் விட்டுவிட்டு மூலையில் போய் ஒடுங்கிவிட்டாள். எலிக்கு மன உளைச்சலோ வலியோ வந்தால் கண்ணோரத்தில் சிவப்பாக நீர் கசியும். பார்க்கிறவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள், ரத்தம் இல்லை. அது இரண்டு கண்ணிலும் கட்டியிருந்தது. இரவு வைத்தியரிடம் கொண்டுபோனோம். குஞ்சு குறுக்கே சிக்கியிருந்தது. அறுவைக்கு அப்புறம் மிளகு கண் விழிக்கவில்லை.

ஐந்து குஞ்சையும் கையால் வளர்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு மணிக்கு ஒருமுறை நாய்க்குட்டிப் பால்பவுடரைக் கரைத்து, மெல்லிய தூரிகை நுனியில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் முடிந்தது. குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும். தாய் நக்காமல் அவற்றுக்குச் சிறுநீர்கூட வராது. இத்தனையும் செய்தும் பெரும்பாலும் தங்காது. வைத்தியர் கேட்டது ஒன்றுதான்: "பால் கொடுக்கிற வேறு தாய் இருக்கிறதா?"

வீட்டுக்கு வந்ததும் ரவாவுக்கு முட்டை காட்டி அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள் மகள். நான் ரவாவின் கூட்டிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்து, வெந்நீர்ப் பாட்டில்மேல் கிடந்த ஐந்தின் உடம்பிலும் மெதுவாகத் தடவினேன். எல்லாவற்றுக்கும் ஒரே வாடை வர வேண்டும். அப்புறம் ஒன்பதுக்கு அடியில் ஐந்தையும் செருகி, கலந்துவிட்டு, மேலே பழைய காகிதத்தையே மூடினேன். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று விட்டேன். யார் பிள்ளை எது என்று எனக்கே தெரியாதபடி ஆகிவிட்டது. அந்த வயதில் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு.

ரவாவை உள்ளே விட்டோம். வாசலிலேயே நின்றாள். மூக்கும் மீசையும் மட்டும் வேலை செய்தன. கூட்டுக்குள் தலையை விட்டு, ஒரு குஞ்சைப் பல்லில் கவ்விக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வேண்டாத குஞ்சை எலி தின்றுவிடும் என்பது பொய்யில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கூண்டின் எதிர்மூலைக்குப் போய், மேல்தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்ததைக் கவ்வினாள். பெரிதா சின்னதா என்று பார்க்கவில்லை, மோந்து பிரிக்கவும் இல்லை. பதினான்கையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடைசியாகக் காகிதத்தையும் வாய்வாயாக இழுத்துப்போய் மூடினாள். பழைய கூடு காலியானதும்தான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அந்நியமாகப்பட்டது குஞ்சுகள் இல்லை, என் கை. நான் கைவைத்த இடத்தில் பிள்ளைகளை வைத்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போனவளின் ஐந்தையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் முட்டை ஊட்டிய என்னிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டாள்.

காலையில் விளக்கடித்துப் பார்த்தேன். எலிக்குக் காம்பு பன்னிரண்டு, குஞ்சு பதினான்கு. முறைவைத்துக் குடித்திருக்கின்றன. எல்லா வயிற்றிலும் வெள்ளைப் பட்டை.

இதை வெறும் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் எலியைப் போல இந்த விஷயத்தில் சோதிக்கப்பட்ட பிராணி வேறு இருக்காது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவும் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளை அதிகம் நக்கிப் பேணும் தாயும் உண்டு, குறைவாக நக்கும் தாயும் உண்டு. அதிகம் நக்கப்பட்ட குஞ்சுகள் பெரிதானதும் சட்டென்று மிரளுவதில்லை. இது ரத்தத்தில் வருவதா என்று பார்க்க, பிறந்த குஞ்சுகளை மாற்றி வைத்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த பெண்குஞ்சு, தான் தாயானபோது வளர்த்தவளைப் போலவே நக்கியது. பெற்றவளைப் போல இல்லை. ரவாவின் கூட்டில் நடந்ததற்கு அறிவியல்காரர்கள் கொடுத்த சான்றிதழ் என்றே இதை வைத்துக்கொண்டேன்.

பதினான்கும் வளர்ந்தன. பத்தாம் நாள் வாக்கில் முடி முளைத்தும் முளைக்காமலும் இருக்கும்போது பெண்குஞ்சுக்கு வயிற்றில் காம்பு புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆணுக்குத் தெரியாது. அன்றைக்கே பிரித்து எழுதி வைத்துவிட்டால் கடைக்காரர் செய்கிற குளறுபடிக்கு இடமில்லை. இரண்டு வாரத்தில் கண் திறந்தது. அப்புறம் ஒரு வாரம் அந்தக் கூண்டு சோளப்பொரிச் சட்டிதான், மூடியைத் திறந்தால் நாலா பக்கமும் தெறிக்கும். கறுப்புத் தோள் போட்டவை சில இருந்தன. அவை மிளகின் பிள்ளைகளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்பன் யார் என்று தெரியாத வீட்டில் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்தாம் வாரத்துக்கு முன்னாலேயே ஆண்பிள்ளைகளை அடுத்த கூண்டுக்கு மாற்றினேன். ஜோடி ஜோடியாக வீடுகளுக்குப் போனார்கள்.

அந்த ஈத்துக்கு அப்புறம் என் பேச்சே மாறிவிட்டது. யார் வந்தாலும் சொல்வேன்: எலிக்கு வேண்டியது நாம் இல்லை, இன்னொரு எலி. நாம் கூண்டு கழுவுகிற ஆள். அன்பு, கொஞ்சல் எல்லாம் உங்கள் திருப்திக்கு. அதற்கு எட்டாத பிடரியை நக்கிவிட ஓர் எலி வேண்டும். சந்தோஷத்தில் அது எழுப்பும் ஒலி 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நம் காது 20-க்கு மேல் கேட்காது. வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினால் அந்த ஒலியை எழுப்புகிறது என்று யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது, ஒலியைக் கீழிறக்கித் தரும் கருவியை வைத்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றும் கேட்காது. அப்படிப்பட்ட நாம் அதற்கு என்ன துணை? இந்த இடத்தில் கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டாக வாங்கிப் போவார்கள்.

"நான் துணை இல்லையா?"

பெரியவர் ஒருவர் தலையாட்டவில்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார். மனைவி போய் சில வருஷம் ஆகிறது. அவரிடம் இருந்த எலி இரண்டரை வயதில் செத்திருந்தது. எலிக்கு அது நல்ல ஆயுசு. அதுவும் ஒற்றையாக வளர்ந்ததுதான். இன்னொன்று வேண்டும் என்று வந்தார். "ஒன்று போதும்."

நான் என் பாட்டைப் பாடினேன். முழுதாகக் கேட்டார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "இரண்டு வாங்குகிறேன். ஒன்று முன்னால் சாகும். மிச்சம் நிற்பதற்கு நீங்கள் துணை தேடச் சொல்வீர்கள். அது இளசாக இருக்கும். கிழடு போனதும் இளசு தனியாக நிற்கும். அதற்கு ஒன்று. இது எங்கே முடியும்? எனக்கு என்ன வயது என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்." எலி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கிலிதான் இது, அதை அறுக்கிற வழி தெரியாமல்தான் பாதிப் பேர் வருஷக்கணக்காக எலி வளர்க்கிறார்கள். நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "ராத்திரியில் எலி விழித்திருக்கும் என்கிறீர்கள். நானும்தான். நாள் பூராவும் நான் வீட்டில் இருக்கிறேன். நான் துணை இல்லையா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று அம்மாவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. நீ என்னடின்னா அதுக்கு ஜோடி பாக்குற. அந்த மனுசனுக்கு ஒண்ணக் குடுத்துத் தொலையேன்." சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதில் ஒரு பாதி சரி. நம் வயலில் வளை தோண்டும் எலி பெருச்சாளிக்குத் தம்பி முறை. அது உண்மையிலேயே தனிக்கட்டை. பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரு பெரிய எலி, மிஞ்சினால் தாயும் குஞ்சும். கிட்டி போடுகிறவர்களுக்கு அது மனப்பாடம். பழமொழி சொன்னவர் வரப்பைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்துக் கூண்டில் இருப்பது வேறு ஜாதி. கும்பலாகக் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று தூங்கினால்தான் அதற்குத் தூக்கம். அதனால் பழமொழி பெரியவர் பக்கம் சாட்சி சொல்ல முடியாது.

என் பக்கம் சாட்சி சொல்ல நான் அழைத்து வைத்திருந்தவை என்ன ஆயின என்பதுதான் வேடிக்கை. சிகாகோவில் இன்பால் பென்-ஆமி பார்டால் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2011-இல் ஒரு சோதனை செய்தார்கள். குழாய்க்குள் அடைபட்ட எலியை வெளியே இருக்கும் எலி, யாரும் பழக்காமலேயே, கதவைத் திறந்து விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் வைத்தும் பார்த்தார்கள். இரண்டையும் திறந்தது, பல தடவை பங்கும் போட்டது. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அவர்களே 2014-இல் வெளியிட்ட இன்னொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை. வெள்ளை எலிக் குஞ்சுகளைப் பிறந்ததிலிருந்தே கறுப்புத் தோள் எலிகளோடு வளர்த்தார்கள். அவை வளர்ந்த பிறகு, முன்பின் தெரியாத கறுப்புத் தோள் எலி மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய்த் திறந்துவிட்டன. தன் இனத்து வெள்ளை எலியைத் திறந்துவிடவில்லை. எலிக்குச் சொந்தம் என்பது ரத்தமும் இல்லை, நிறமும் இல்லை. யாரோடு வளர்ந்ததோ அவர்கள்.

அப்படியானால்? குஞ்சிலிருந்து மனுஷன் ஒருவனோடு மட்டுமே வளர்ந்த எலிக்கு அவன்தானே சொந்தம் என்று பெரியவர் கேட்டால், நான் கொண்டாடிய ரவாவின் கூடே அவருக்குச் சாட்சியாகிவிடுகிறது. பெற்றவள் இல்லாமல் வளர்த்தவள் போதும் என்றால், எலியே இல்லாமல் மனுஷன் போதுமா? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வெள்ளை எலிக்குக் கறுப்பு எலி நக்கிவிட முடியும், பெரியவரால் முடியாது. கிடைத்ததைச் சொந்தமாக்கிக்கொள்ளும் பிராணியிடம் குறைந்ததைக் கொடுத்துவிட்டு, பார், ஒட்டிக்கொண்டது என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. ஆனால் முன்போல ‘நாம் கூண்டு கழுவுகிற ஆள்’ என்று அடித்துப் பேச வாய் வருவதில்லை.

கடைசியில் மீட்பகத்தை நடத்துகிற அம்மாளும் நானும் பேசி ஒரு வழி செய்தோம். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் விட்டுப்போன அண்ணன் தம்பி எலிகள் இரண்டு, ஒன்றரை வயது தாண்டியவை, யாரும் கேட்காமல் கிடந்தன. கிழ எலியை யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் குஞ்சு வேண்டும். அவற்றைப் பெரியவருக்கு ஃபாஸ்டராகவே கொடுத்தோம், காலம் முழுக்க. வைத்தியச் செலவு எங்களுடையது. ஒன்று போனால் மற்றதை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்வோம், அவர் இன்னொன்று தேட வேண்டியதில்லை. சங்கிலி அறுந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோம்.

சில மாதத்தில் ஒன்று நெஞ்சுச் சளியில் போய்விட்டது. வளர்ப்பு எலிகளில் பாதிக்கு மேல் நுரையீரலில் ஏதாவது வைத்துக்கொண்டேதான் பிறக்கின்றனவோ என்று தோன்றும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி அவ்வளவு பரவியிருக்கிறது. மற்றதை எடுத்துவர நான் பெட்டியோடு போனேன். அதற்குப் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தது. வயதான ஆண் எலிகளுக்கு வருவதுதான். பெரியவர் கூண்டின் மேல்தட்டுகளைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் தரையோடு தரையாக அமைத்திருந்தார். தண்ணீர் பாட்டிலைப் படுத்தபடி எட்டும் உயரத்துக்கு இறக்கியிருந்தார். நான் போனபோது எலி அவர் கம்பளிச் சட்டைக்குள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். முடி சிலிர்த்திருக்கவில்லை. கண்ணோரம் சுத்தமாக இருந்தது. பின்பாதியை அதனால் சுத்தம் செய்துகொள்ள முடியாது, ஆனால் அதுவும் சுத்தமாக இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் காலையும் மாலையும் துடைக்கிறாராம். பிடரியில் விரலால் தேய்த்ததும் பல்லை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தது. எலி நிம்மதியில் செய்வது அது. அரைக்கிற வேகத்தில் கண்முழி வெளியே வந்து வந்து போகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்குக் கொண்டுவந்தால் தெரியாத ஆண்களோடு சேர்த்துவிட வேண்டும். நடக்க முடியாத கிழ எலி அந்த அறிமுகச் சண்டையில் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். பெட்டியை வெறுமையாக எடுத்துக்கொண்டு திரும்பினேன். மீட்பகத்து அம்மாளுக்குக் கோபம். "விதி நமக்கு மட்டும் இல்லையா? கேட்கிற ஒவ்வொருவரும் தான் விதிவிலக்கு என்றுதான் நினைக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த எலி பெரியவரிடமே இருந்து, அவரிடமே போய்ச்சேர்ந்தது.

இதை வைத்து ஒற்றை எலியும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்குப் போகிற வீட்டில், சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் எடுத்து வைத்துக்கொள்கிற வீட்டில், தனி எலி மந்தமாகிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படித் திருப்பிக் கொடுக்கப்பட்டவை வந்த நாளே கும்பலுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். சமீபத்தில்கூட பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒன்றே ஒன்று கேட்டு வந்த தம்பதிக்கு முடியாது என்றேன். சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்குப் போய் ஒன்று வாங்கியிருப்பார்கள். அங்கே யாரும் ஒன்றா இரண்டா என்று கேட்க மாட்டார்கள். நான் முடியாது என்று சொன்னதால் எந்த எலிக்கும் துணை கிடைத்துவிடவில்லை, அதுவும் தெரிந்துதான் சொல்கிறேன்.

பெரியவர் போன வாரம் போன் செய்தார். மறுபடி இரண்டு எடுத்துக்கொள்கிறாராம், அதே ஒப்பந்தத்தில். குஞ்சு வேண்டாம், காட்டாதீர்கள் என்றார். "இருப்பதிலேயே கிழடாக ஒரு ஜோடி பாருங்கள். மூன்று பேரும் ஒரே வயதாக இருந்தால் பேச வசதி." இப்போதைக்கு அப்படி ஒரு ஜோடி எங்களிடம் இல்லை. இருப்பதெல்லாம் போன மாதம் கண் திறந்தவை.